சோறு, கை, கடன்: மறுப்பின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

"அது எங்களுக்குப் பழக்கமில்லைங்க." சாப்பாடு குறித்து எங்கள் பக்கத்தில் அதிகம் புழங்குகிற வாக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன். அவிநாசி, பல்லடம், காங்கயம், ஊத்துக்குளி என்று எந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரு நாளைக்கு நாலு தரமாவது காதில் விழும். கருவாட்டுக் குழம்பைத் தள்ளி வைக்கிறவர் சொல்கிறார். பன்றிக்கறி, மாட்டுக்கறி, ஈசல் என்று பேச்சு எடுத்தாலே முகம் சுளிக்கிறவர் சொல்கிறார். பனியன் கம்பெனியில் பக்கத்து மெஷின்காரர் பீகாரிலிருந்து கொண்டுவந்த கடுகெண்ணெய் ஊறுகாயை நீட்டும்போது நம் ஆள் சொல்கிறார். அதே ஆள் ரசம் நீட்டினால் அவரும் தன் மொழியில் இதையேதான் சொல்கிறார். 'ஒத்துக்காது', 'சேராது', 'கொமட்டும்' என்று இதற்குத் துணை வாக்கியங்களும் உண்டு. எல்லாமே உடம்பின் பெயரால் பேசுகிற வாக்கியங்கள். உடம்பு வேண்டாம் என்கிறது, நான் என்ன பண்ணட்டும் என்கிற தொனி. எனவேதான் இவற்றோடு வாதம் பண்ண முடிவதில்லை.

எல்லா மறுப்பையும் அரசியலாக்குவது என் நோக்கமில்லை. என் அப்புச்சி சாகும்வரைக்கும் முட்டைக்கோஸைத் தொட்டதில்லை. அது இங்கிலீஷ் காய், தின்னா வாயு என்பார். அவர் மறுத்ததால் முட்டைக்கோஸுக்கு ஒரு நட்டமும் கிடையாது. அதை விளைவித்தவருக்கும் இல்லை, ஆக்கியவருக்கும் இல்லை. நாக்கின் விருப்பு வெறுப்புகளுக்கு ஒரு வரலாறு இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றவாளியைத் தேட வேண்டியதில்லை.

நான் பேச விரும்புவது வேறொரு மறுப்பு. அதில் மறுக்கப்படும் பண்டம் அபூர்வமானதோ அருவருப்பானதோ அல்ல. சோறு, பருப்புக் குழம்பு, டீ, தண்ணீர். தினமும் எல்லோரும் தின்று குடிக்கிற பண்டங்கள். இந்த மறுப்பில் பண்டத்தின் பெயர் சொல்லப்படுகிறது, தள்ளப்படுவது அதை நீட்டுகிற கை. பண்டத்தை மறுக்கும் மொழியைக் கையை மறுப்பவர் இரவல் வாங்கிக்கொள்கிறார். 'பழக்கமில்லை' என்ற சொல்லாடலுக்குள் இந்த இரவல் எப்படி நடக்கிறது என்பதை வாசிக்கும் முயற்சி இது.

2

2018 ஜூலையில் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளிக்குச் சத்துணவுச் சமையலராக ஒரு அருந்ததியர் பெண் மாற்றலாகி வந்தார். அது அவருக்குச் சொந்த ஊர். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் பள்ளியில் திரண்டார்கள். அதிகாரிகள் எடுத்த முதல் நடவடிக்கை, அந்தப் பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றியதுதான். இயக்கங்கள் சாலைக்கு வந்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்கும் பதிவானது. ஏழு வருடம் இழுத்த வழக்கில் 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 25 பேர் விடுவிக்கப்பட்டார்கள்.

சட்டம் செய்ததைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஏழு வருடம் ஒரு சமையல்காரப் பெண் தன் ஊரையே எதிர்த்து நீதிமன்றப் படியேறினார் என்பது நம்முடைய பல கோட்பாட்டுக் கட்டுரைகளைவிடப் பெரிய காரியம். இந்த நிகழ்வை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டால் அதில் மூன்று விஷயங்கள் கண்ணில் படுகின்றன.

ஒன்று, பண்டம். சத்துணவில் இருப்பது சோறும் குழம்பும். 1989க்குப் பிறகு முட்டையும் சேர்ந்தது. இதில் 'பழக்கமில்லாதது' என்று எதைச் சொல்ல முடியும்? மறுத்த வீடுகளிலும் அன்று மத்தியானம் அடுப்பில் ஏறியது இதே அரிசி, இதே பருப்புதானே.

இரண்டு, மறுத்தவர். பிள்ளைகள் மறுக்கவில்லை, பிள்ளைகளுக்காக மறுக்கப்பட்டது. ஏழு வயசுப் பிள்ளைக்குப் பசி தெரியும், ருசி தெரியும். கை தெரியாது. கையைத் தெரியவைப்பதுதான் அன்று பள்ளிக்கூட வாசலில் நடத்தப்பட்ட பாடம். தமிழக அரசியலுக்கு இது புதிதில்லை. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற பிரச்சினை 1920களின் நடுவில் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள். அங்கேயும் வாதம் பெரியவர்களுடையது, சாப்பாடு பிள்ளைகளுடையது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியதிலிருந்து 1956, 1982, 2022 என்று இந்த மாநிலம் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட வரலாறு ஒன்று உண்டு. நாம் அதைப் பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதும்தான். அதே பந்தியில் உட்கார மறுத்தவர்களின் வரலாற்றை அதோடு சேர்த்து எழுதுவதில்லை.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அவருக்கு அது சொந்த ஊர். எங்கோ தூரத்துப் பள்ளியில் சமைக்கும்போது அவர் 'சத்துணவு ஆயா'. சொந்த ஊரில் அவர் இன்னார் மகள், இன்ன வளவைச் சேர்ந்தவர். கை எவ்வளவுக்கெவ்வளவு தெரிந்ததோ அவ்வளவுக்கவ்வளவு மறுப்பு உறுதிப்படுகிறது. இடமாற்ற உத்தரவுக்குப் பின்னால் இருந்த தர்க்கமும் இதுவே: கையைத் தெரியாத ஊருக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்.

2023இல் காலை உணவுத் திட்டம் விரிவடைந்தபோது கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலும் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும் இதே கதை. அங்கெல்லாம் ஆட்சியரும் மக்கள் பிரதிநிதிகளும் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போகாமல் இருப்பதைவிடப் போனது நல்லது. ஆனால் ஆட்சியர் அந்த ஊர்க்காரர் கிடையாது. அவர் சாப்பிட்டுக் காட்டும்போது நிரூபணமாவது உப்புமா நன்றாக இருக்கிறது என்பது மட்டுமே. உப்புமா நன்றாக இல்லை என்று யாரும் சொல்லவில்லையே!

3

இதைத் தீட்டு என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது நம் வழக்கம். லூயி துய்மோன் 1966இல் தன் நூலில் சாதி அமைப்பு முழுவதையும் தூய்மை, தீட்டு என்ற எதிர்வின் மேல் நிறுத்தினார். நம் விமர்சனமும் துய்மோனைப் படித்தோ படிக்காமலோ அந்தத் தடத்திலேயே போகிறது. ஆனால் தீட்டுதான் காரணம் என்றால் திருப்பூர் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக்கடைகூட நடக்க முடியாது. ஊரில் அருந்ததியர் வீட்டுச் சொம்பைத் தொடாத ஒருவர், பஸ் ஏறித் திருப்பூர் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கியதும் புரோட்டா தின்கிறார், காளான் தின்கிறார், காதர்பேட்டைக்குச் சரக்கெடுக்க வந்த இடத்தில் பிரியாணி தின்கிறார். மாவு பிசைந்த கை யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை. தீட்டு ஒரு பொருளைப்போல ஒட்டிக்கொள்வது என்றால் இந்நேரம் அவர் தலைமுதல் கால்வரை தீட்டாகியிருக்க வேண்டும்.

மெக்கிம் மாரியட் 1960களில் வேறு ஒரு பாதையில் போனார். உத்தரப்பிரதேசத்துக் கிராமம் ஒன்றை வைத்து, சமைத்த உணவை யார் கொடுக்கிறார், யார் வாங்கிக்கொள்கிறார் என்பதைக் கணக்கெடுத்து, கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்கிற விதியை எடுத்துக் காட்டினார். அதே காலத்தில் பிரெண்டா பெக் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்து, 1972இல் கொங்குச் சமூகம் பற்றிய நூலை வெளியிட்டார். அங்கேயும் யார் சமைத்ததை யார் வாங்கிச் சாப்பிடுவார் என்பது அட்டவணையாக வருகிறது. காங்கயத்துக்காரர்கள் தங்கள் தாத்தாக்களின் பந்தி வரிசையை அந்த ஆங்கில நூலில் பார்த்துக்கொள்ளலாம். அட்டவணைகளுக்கு ஒரு குறை உண்டு. வாங்காதவர் யார் என்று கட்டம் போட முடியும். வாங்கியே தீர வேண்டியிருந்தவர், முடிந்திருந்தால் எதை மறுத்திருப்பார் என்பதற்குக் கட்டம் கிடையாது.

மாரியட் சொன்னதைத் தமிழ்ச் சொற்களுக்குள் கொண்டுவந்தால் இன்னொரு வாசல் திறக்கிறது. நம்மிடம் 'செஞ்சோற்றுக்கடன்' என்று ஒரு சொல் இருக்கிறது. கர்ணன் கதை வழியாகத் தெருக்கூத்திலும் சினிமாவிலும் பட்டிதொட்டி எங்கும் பரவிய சொல். உப்பிட்டவரை மறக்கக் கூடாது என்று பழமொழி இருக்கிறது. 'எஞ்சோத்தத் தின்னு வளந்த நாயி என்னையே எதுத்துப் பேசுது' என்ற வசவும் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் சோறு என்பது வயிற்றுக்குள் போனதும் தீர்ந்துபோகிற பொருளாக இல்லை. அது தின்றவன் தலைமேல் உட்கார்ந்திருக்கிற கடன். போட்டவருக்கு ஒரு அதிகாரம், தின்றவருக்கு ஒரு தலைகுனிவு. தொல்காப்பியம் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வத்துக்கு அடுத்து உணவை வைக்கிறது. எம்.ஏ. வகுப்பில் நானும் அதை ஒப்பித்து மதிப்பெண் வாங்கினேன். நிலத்துக்கு நிலம் உணவு மாறுகிறது என்று விளக்கினார்கள். அதை ஆக்கிய கை எது, தின்றவர் யாருக்குக் கடன்பட்டார் என்று கேட்கத் தோன்றியதில்லை, வாத்தியாருக்கும் எங்களுக்கும்.

என் வாதம் இதுதான். கொங்கு மண்ணின் ஆதிக்க சாதி மறுப்பது தீட்டுக்குப் பயந்து மட்டுமில்லை, கடன்படுவதற்குப் பயந்து. பண்ணையத்து ஆளுக்குப் பழைய சோறும் நீச்சத்தண்ணியும் ஊற்றிய கை, அந்த ஆளின் வீட்டில் ஒரு டம்ளர் டீயை வாங்கிவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. கொடுக்கும் இடம் ஒருவருக்கே சொந்தம் என்றிருந்தது, இருவருக்கும் பொதுவாகிறது. அந்தச் சமையல்காரப் பெண்ணின் கையால் ஐந்து வருடம் சோறு தின்று வளர்ந்த ஒரு கவுண்டர் வீட்டுப் பையன் நாளைக்கு அவரைப் பெயர் சொல்லி 'ஏ, இங்க வா' என்று கூப்பிட முடியுமா? கூப்பிடலாம், ஆனால் நாக்கு ஒரு நொடி தடுமாறும். ஊர் பயந்தது அந்தத் தடுமாற்றத்துக்கு. பழையதைப் போடுவதும் புதியதை மறுப்பதும் எதிரெதிரான செயல்கள்போலத் தெரிந்தாலும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு கைகள்.

4

இப்படிப் பார்த்தால் திருப்பூர் விளங்குகிறது. நகரத்தில் சோற்றுக்கடன் கல்லாப்பெட்டியில் தீர்ந்துவிடுகிறது. புரோட்டாவுக்குக் காசு கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது, மாஸ்டரின் முகம்கூடத் தெரியாது. பணம் ஆக்கிய கையை மறைத்துவிடுகிறது. இதை மார்க்சியர்கள் வேறொரு பெயரில் நீண்டநாளாகச் சொல்லி வருகிறார்கள். சரக்குக்குப் பின்னால் உழைப்பு மறைகிறது என்று. அந்த மறைவுக்கு ஒரு விடுதலை முகமும் இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். முகம் தெரியாத நகரத்தில்தான் முதன்முறையாக எல்லோரும் ஒரே கிளாஸில் டீ குடித்தார்கள்.

எம்.ஏ. சேருவதற்கு முன்னால் ஒரு வருடம் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங்கில் இருந்தேன். பதினொரு மணிக்கு டீ கேன் வரும். கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் டைலர், கை மடிக்கிற பெண்கள், எல்லோருக்கும் ஒரே கேன், ஒரே டம்ளர் வரிசை. யார் குடித்ததை யார் கழுவினார்கள் என்று பார்க்க நேரம் கிடையாது. கூலி ஒப்பந்தங்களில் டீ பேட்டா என்றே ஒரு வரி உண்டு. டீ உரிமையாகிப்போன ஊர் இது. ஆனால் மத்தியானம் தூக்குப்போசியைத் திறக்கும்போது வட்டங்கள் வேறுமாதிரி. ஒரே வேனில் வந்தவர்கள் ஒன்றாக உட்காருவார்கள். வேன் ஒரு ஊரிலிருந்து வருகிறது. ஊர் என்றால் அதற்குள் வளவும் காடும் தோட்டமும் தனித்தனி. கொழம்பு கை மாறுவது வட்டத்துக்குள்ளேதான். வீட்டில் ஆக்கிய கொழம்புக்குக் கல்லாப்பெட்டி இல்லை பாருங்கள், அங்கே கடன் மறுபடி உயிர் பெற்றுவிடுகிறது. ஒடிசாக்காரரும் நம் ஆளும் மட்டும் சிலசமயம் சங்கடமில்லாமல் மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் சாதி மற்றவருக்குப் படிக்கத் தெரியாது.

1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் திருப்பூர். அப்படி நின்ற தொழிலாளியே சாயங்காலம் ஊருக்குத் திரும்பினால் டீக்கடையில் இரண்டுவிதமான டம்ளர் இருந்தது. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளில் வார்த்துத் தட்டும்போது எந்த டம்ளர் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது; ஊர்க் கடைக்கு வந்த பிறகுதான் அதற்குச் சாதி. இங்கே நம் கருதுகோளுக்கு ஒரு சிக்கல் வருகிறது. டீக்கடையிலும் காசுதானே கொடுக்கிறார்கள்? காசு கடனைத் தீர்க்கும் என்றால் தனி டம்ளர் எதற்கு? கிராமத்து டீக்கடையில் மாதாரியின் காசுக்கு அந்த வலு மறுக்கப்பட்டது என்பதே விடை. காசை வாங்கிக்கொள்வார்கள். ஆனால் குடித்ததைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகச் சொல்வதன் மூலம், இது வியாபாரம் இல்லை, உனக்கு ஊற்றியது என்று நினைவூட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் 1960களின் பிற்பாதியில் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க்கடைக்குள் நுழைவதற்காகப் பஞ்சமர் மக்கள் நடத்திய போராட்டம் ரத்தம் சிந்திய போராட்டம். கே. டானியல் அந்தப் போராட்டத்துக்குள் இருந்தவர். அவருடைய நாவல்கள் அதிலிருந்து வந்தவை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கோப்பை தேநீருக்காக உயிரைக் கொடுப்பதா என்று தோன்றும். காசு கொடுத்தால் கணக்கு முடிந்தது என்று நிமிர்ந்து எழுந்து போகிற உரிமைக்காக அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

கொங்கிலும் 2000களில் பெரியார் இயக்கத் தோழர்கள் இரட்டைக் குவளை உடைப்புப் போராட்டம் நடத்தினார்கள். இடதுசாரிகள் தீண்டாமை ஒழிப்பு முன்னணி அமைத்துக் களமிறங்கினார்கள். அதற்குப் பின் கடைகளில் வந்தது பிளாஸ்டிக் கப், காகிதக் கப். 2019 ஜனவரி 1இல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தடை வந்தது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தடைப் பட்டியலில் உண்டு. கடைக்காரர் இப்போதும் அதை எடுத்து நீட்டினால் சுகாதாரம் என்கிறார். சரி, சுகாதாரம்தான். பெஞ்சில் உட்கார்ந்தவருக்குக் கண்ணாடி கிளாஸும் வெளியே நிற்பவருக்குக் கப்பும் கொடுத்தால் அது எந்தச் சுகாதாரம்? நான் பார்த்த கடைகளில் இதை நேருக்கு நேர் கேட்டபோது வந்த பதில்: 'அவியளே கப்புலதானுங்க கேக்கறாங்க.' இருக்கலாம். பழைய டம்ளரை மறுப்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த வழி அந்தக் கப்.

5

இந்த இடத்தில் இலக்கியத்துக்கு வரலாம். பாமாவின் 'கருக்கு' (1992) வந்தபோது அதன் மொழி பற்றித்தான் அதிகம் பேசினோம். அதில் சேரிப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கிற காட்சி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சிறுமிக்கு முதலில் சிரிப்பு வருகிறது. அண்ணன் விளக்கிய பிறகு சிரிப்பு போய்விடுகிறது. தீட்டுக்கு உதாரணமாக இதைப் பலமுறை எடுத்துக் காட்டியிருக்கிறோம். நான் அந்தக் கயிற்றை இப்போது வேறுமாதிரி வாசிக்கிறேன். பொட்டலத்துக்கும் கைக்கும் நடுவில் கயிறு வந்தவுடன், கொண்டுவந்தவர் கொடுத்தவர் ஆகாமல் போகிறார். கையைக் கொடுக்கும் கையாக ஆகவிடாமல், தூக்கி வந்த கொக்கியாகவே நிறுத்திவைப்பதுதான் கயிற்றின் வேலை.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) தலித்துகளுக்கு உள்ளேயான படிநிலையைக் காட்டியதற்காக வந்த காலத்திலேயே கடும் விவாதத்துக்குள்ளான நாவல். அந்த விவாதத்தில் ஒரு விஷயம் அமுங்கிப்போனது. வண்ணாத்தி ஆரோக்கியம் வீடு வீடாகப் போய் வாங்கும் இராச்சோறு கூலியா, பிச்சையா? இரண்டும்தான். உழைப்புக்கான கூலியைச் சோறாகக் கொடுப்பதன் சூட்சுமமே, கூலியைக் கடனாக மாற்றிவிடலாம் என்பதில் இருக்கிறது. வேலை செய்தவர் நன்றியும் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவரால் 'எனக்கு இது பழக்கமில்லை' என்று சொல்ல முடியாது. மறுப்பதற்கும் ஒரு வசதி வேண்டும்.

ஆகவே மறுப்பு எப்போதும் ஆதிக்கத்தின் கருவி என்று எழுதிவிட்டுப் போக முடியாது. 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் அம்பேத்கர் இரண்டு காரியங்களை ஒன்றாகச் செய்தார். பொதுக்குளத்துத் தண்ணீரைக் குடிக்க மக்களை அழைத்துப் போனார். எச்சில் சோற்றையும் செத்த மாட்டுக்கறியையும் இனிமேல் தொடாதீர்கள் என்றும் சொன்னார். குடிப்பதும் மறுப்பதும் அங்கே ஒரே அரசியல். உரிமையாக வருவதை எடுத்துக்கொள், கடனாக வருவதை மறுத்துவிடு என்று அதை நாம் வாசிக்கலாம்.

கொங்கில் இந்த மறுப்பைச் சாத்தியப்படுத்தியது எது? எந்த மாநாடும் இல்லாமல் பனியன் கம்பெனிச் சம்பளம் அதைச் செய்தது என்று சொன்னால் நம் தோழர்களுக்குக் கசக்கும். சனிக்கிழமை கையில் காசு வாங்கிய அருந்ததியர் இளைஞர்கள் பண்ணையத்துக்குப் போவதை நிறுத்தினார்கள். வாசலில் நின்று பழையது வாங்குவதை நிறுத்தினார்கள். கிரேஸ் கார்ஸ்வெல், கெர்ட் டி நெவ் ஆகியோர் திருப்பூர்ப் பகுதிக் கிராமங்களை ஒப்பிட்டு எழுதிய ஆய்வு இதற்கு ஒரு எல்லையையும் காட்டுகிறது. பனியன் கம்பெனிக்குத் தினமும் போய்வர முடிந்த ஊர்த் தலித்துகளுக்குக் கிடைத்த விலகல், உள்ளூர் விசைத்தறியில் முன்பணம் வாங்கிக் கட்டுண்ட ஊர்த் தலித்துகளுக்குக் கிடைக்கவில்லை. முன்பணம் என்றால் கடன். சோற்றுக்கடன் ஒழிந்த இடத்தில் நோட்டில் எழுதிய கடன் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒன்றைக் கவனியுங்கள். பழையதை மறுத்த அந்த இளைஞர்களின் மறுப்புக்கு ஊரில் என்ன பெயர்? 'திமிரு.' 'நாலு காசு பாத்ததும் கொழுப்பு.' மேலிருந்து வரும் மறுப்புக்குப் பழக்கம் என்று பெயர், கீழிருந்து வரும் மறுப்புக்குத் திமிர் என்று பெயர்.

6

இதுவரைக்கும் ஊரைப் பற்றிச் சொன்னேன். நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மை என்றால் சிறுபத்திரிகை படிக்கிற, கூட்டத்துக்குப் போகிற, சாதி ஒழிப்பு பேசுகிற நம்மை.

மாட்டுக்கறி விருந்துகளில் நான் சாப்பிட்டிருக்கிறேன். 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணியை மட்டும் மாவட்ட நிர்வாகம் விலக்கி வைத்தபோது எழுந்த எதிர்ப்பில் என் குரலும் உண்டு. சங்கப் பாலைப் பாடல்களில் மழவர் ஆவைத் தின்ற குறிப்பை மேடையில் எடுத்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் சரியான காரியங்கள் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் விருந்து என்பது நகரத்துப் புரோட்டாக்கடை மாதிரி. நன்கொடை கொடுத்தாயிற்று, யாரோ ஆக்கினார்கள், வரிசையில் நின்று வாங்கித் தின்றோம். எனக்குப் பழக்கமில்லாத பண்டத்தை நான் தின்றுவிட்டேன் என்பது உண்மை. எந்தக் கைக்கும் நான் கடன்படவில்லை என்பதும் உண்மை.

தொழிற்சங்கத்தில் எனக்குப் பத்து வருடமாகப் பழக்கமான தோழர் ஒருவர் இருக்கிறார். அருந்ததியர். என் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி அவர் வளவு. அவர் வீட்டுக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறேன். போன ஒவ்வொரு தடவையும் அவருடைய அம்மா பையனைக் கடைக்கு அனுப்புவார், கலர் வரும். மூடி திறக்காத பாட்டில். என் முன்னால்தான் திறப்பார்கள். நானும் குடிப்பேன். தோழர் வீட்டில் குடிக்கிறேன் என்ற மிதப்போடு குடிப்பேன். அந்த வீட்டில் காலையும் மாலையும் டீ போடுகிறார்கள். எனக்கு ஒருநாளும் டீ வந்ததில்லை, நானும் கேட்டதில்லை என்பது போன வருடம்தான் எனக்கு உறைத்தது. பாட்டிலில் இருந்தது பாமாவின் கயிறு. நான் 'பழக்கமில்லை' என்று சொல்ல வேண்டிய அவசியமே வராமல், அந்த அம்மா எனக்குப் பதிலாக மறுத்துக்கொண்டிருந்தார், தன் சொந்தக் காசைச் செலவழித்து.

அன்றைக்கு, "கலர் வேண்டாம்மா, டீ வைங்க" என்றேன்.

"டீங்களா சாமி?" என்று மகனைப் பார்த்தார். பால் இல்லை என்றார். பிறகு பக்கத்து வீட்டில் வாங்கி வந்து வைத்தார். சர்க்கரை தூக்கல். குடித்து முடித்து டம்ளரைக் கழுவுவதற்காக எழுந்தேன். "அய்யோ, நீங்க வைங்க சாமி, நானு எடுத்துக்கறேன்" என்று பதறிப்போய் வாங்கிக்கொண்டார். அந்தப் பதற்றத்துக்கு முன்னால் என் நல்ல எண்ணம் எதற்கும் உதவவில்லை. டீ கேட்டது நான், சங்கடப்பட்டது அவர். திரும்பி வரும்போது தோழரிடம் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போவதாகச் சொன்னேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தவர், "எழுதுங்க தோழர். எங்க வீட்ல நீங்க குடிச்சத எழுதறது பெரிசில்லைங்க. எங்கம்மா உங்க வீட்ல உக்காந்து குடிச்சா அப்ப எழுதுங்க" என்றார்.

சமபந்தி போஜனத்தால் மட்டும் சாதி ஒழியாது என்று அம்பேத்கர் 1936லேயே சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 15க்குக் கோயிலில் அமைச்சர்கள் பொது விருந்தில் உட்காருகிற படத்தைப் பார்த்து நாம் இதைச் சரியாகவே நினைவுகூர்கிறோம். ஆனால் அதைச் சொல்லியே நம் அடுப்படியைக் கேள்விக்குள் வராமல் பார்த்துக்கொள்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. சத்துணவுக் கூடத்தில் அரசு தலையிட வேண்டும். சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு சொந்த ஊர்ப் பள்ளிகளில் நிறைவேற வேண்டும். மறுப்பு வந்தால் மாற்றப்பட வேண்டியவர் சமையலர் இல்லை என்பதை அதிகாரிகள் முதல் நாளிலேயே புரிந்துகொள்ள வேண்டும். இதெல்லாம் நாம் வெளியே கேட்க வேண்டிய கோரிக்கைகள். உள்ளே கேட்க வேண்டியது, நம் வீடுகளில் யாருடைய கை சமைத்தது வருகிறது, வந்தவருக்கு எதில் ஊற்றித் தருகிறோம், அதை யார் கழுவுகிறார்கள் என்பது.

எங்கள் தோட்டத்து வீட்டில் இறவாரத்தில் செருகி ஒரு சில்வர் டம்ளர் இருக்கிறது. ஆளுக்காரர்களுக்கு. அம்மாவிடம் பேசிவிட்டேன். "வந்தாக் குடிக்கட்டும், யாரு வேண்டாங்கறா" என்றார். எந்த டம்ளரில் என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. தோழருடைய அம்மாவும் இன்னும் வரவில்லை.